சங்கிலியிட்ட நூல்கள்

பழைய நூல் ஒன்றைக் கண்டவுடன் அதன் விலையைக் கேட்பவர் ஒரு சாரார். அதன் வயதைக் கேட்பவர் மற்றொரு சாரார். அந்நூலை யார் வாங்கினார், யாருக்காக வாங்கினார், எந்த நூல்களோடு சேர்த்து வைத்திருந்தார் என்று கேட்பவர் மிகச் சிலரே. ஆயினும், ஒரு நூலகத்தின் தகுதியை அளந்து காண இந்த மூன்றாவது கேள்வியே உரைகல் என்பது நம் கருத்து. இக்கருத்தை வெறும் சொல்லளவில் நிறுத்தாமல், இங்கிலாந்து நாட்டுப் பேராலய நூலகங்கள் இரண்டின் வரலாற்றை எடுத்துக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஒன்று தன் நூல்களைச் சங்கிலியால் பிணைத்துக் காத்தது. மற்றொன்று தன்னிடமிருந்த அரிய நூல்களை விற்றது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால், நூலகம் என்பது யாது என்ற வினாவிற்கு ஒருவகையில் விடை கிடைக்கும். அவ்விடை, பிறந்த மண்ணை விட்டு வந்து, ஊருக்கு ஒரு சங்கம் வைத்து, சங்கத்திற்கு ஒரு நூலகம் வைத்து வாழும் நமக்கும் உரியதாகும்.

ஹெரிபோர்டு நூலகம்

இங்கிலாந்தின் மேற்கு எல்லையில், வேல்ஸ் நாட்டை ஒட்டி அமைந்த சிறு நகரம் ஹெரிபோர்டு. அதன் பேராலயத்தில் நூலகம் என்று தனி இடம் ஏற்படுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நூல்கள் இருந்தன. அங்குள்ள ஹெரிபோர்டு நற்செய்தி நூல் 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தோலில் கையால் எழுதப்பட்டது. அதனோடு சேர்த்து இடைக்காலக் கையெழுத்து நூல்கள் 229 அங்கு உள்ளன. அவற்றைத் தொடர்ந்து அச்சு நூல்கள் வருகின்றன. சங்கிலியிட்ட நூல்களின் மொத்தத் தொகை ஏறத்தாழ 1500.

1611ஆம் ஆண்டில் இந்நூல்களுக்கெனப் புதிய மர அடுக்குகள் செய்து, பேராலயத்தின் அன்னை மரியாள் சிற்றாலயத்தில் நிறுத்தினர். 1602இல் ஆக்சுபோர்டில் தாமஸ் பாட்லி புதுப்பித்துத் திறந்த நூலகத்தின் அமைப்பே இதற்கு முன்மாதிரி. இரண்டு அடுக்குகளுக்கு நடுவே அமர்வதற்கு ஒரு நீண்ட பலகை. அடுக்கோடு இணைந்தாற்போல் நூலை வைத்துப் படிக்கச் சாய்ந்த மேசை. ஒவ்வொரு நூலின் முன்னட்டை ஓரத்திலும் ஒரு சங்கிலி பொருத்தப்பட்டிருக்கும். சங்கிலியின் மறுமுனையிலுள்ள வளையம், அடுக்கின் அடியில் நீண்டு செல்லும் இரும்புக் கம்பியில் கோக்கப்பட்டிருக்கும். கம்பியின் முனையில் பூட்டு. நூலை எடுக்கலாம், மேசைமேல் விரிக்கலாம், விரும்பும் நேரம் படிக்கலாம். ஆனால் அடுக்கை விட்டு அப்பால் கொண்டுபோக முடியாது.

இங்கே ஒரு சிறு செய்தி நம் கவனத்திற்கு உரியது. இன்று நாம் நூலை அடுக்கும்போது அதன் முதுகுப்புறம் நம்மை நோக்கி இருக்கும். ஹெரிபோர்டில் நூல்கள் மறுபுறம் திரும்பி நிற்கின்றன. தாள்களின் விளிம்பே வாசகனை நோக்குகிறது. புதிதாகக் காண்பவர்க்கு இது தலைகீழாகத் தோன்றும். காரணம் எளியது. சங்கிலி முன்னட்டை ஓரத்தில் இருப்பதால், இவ்வாறு வைத்தால்தான் நூலைத் திருப்பாமலே எடுத்து விரிக்க முடியும், சங்கிலி முறுக்கிக்கொள்ளாது. முதுகில் பெயர் பொறிக்கும் வழக்கத்திற்கு அங்கு இடமில்லை ஆதலால், எந்த அடுக்கில் எந்த நூல் உள்ளது என்ற பட்டியலை அடுக்கின் பக்கவாட்டில் சட்டமிட்டு வைத்தனர். வாசகன் உட்காரும் இடம், அவன் கை நீளும் திசை, அவன் கண்ணுக்கு வேண்டிய வெளிச்சம் ஆகிய எல்லாவற்றையும் எண்ணிச் செய்த அமைப்பு இது.

1841இல் அச்சிற்றாலயத்தைப் பழுதுபார்க்க வேண்டி நேர்ந்தபோது இவ்வமைப்புக் கலைக்கப்பட்டது. நூல்களும் அடுக்குகளும் இடம் மாறின. பின்னர், புதிய ஏற்பாட்டு ஆய்வில் புகழ்பெற்ற அறிஞர் ஸ்டிரீட்டர், ஹெரிபோர்டின் குருமார் அவையில் இருந்த காலத்தில், பழைய அடுக்குகளை நுணுகி ஆராய்ந்து 1931இல் சங்கிலி நூலகங்களைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். இறுதியாக 1996இல் இதற்கெனவே எழுப்பிய புதுக் கட்டடத்தில், 1611 முதல் 1841 வரை இருந்த முறையிலேயே நூலகம் முழுவதும் மீண்டும் அமைக்கப்பட்டது. சங்கிலி, கம்பி, பூட்டு ஆகிய அனைத்தும் சிதையாமல் எஞ்சிய சங்கிலி நூலகங்களுள் மிகப் பெரியது இதுவே.

தொட்டிற் பருவத்து நூல்கள்

ஜெர்மனியிலுள்ள மைன்ஸ் நகரில் கூட்டன்பர்க் தம் விவிலியத்தை அச்சிட்டு முடித்தது 1455ஆம் ஆண்டளவில். அன்று தொடங்கி 1500ஆம் ஆண்டு முடிய அச்சான நூல்களை, தொட்டிற் பருவத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லொன்றால் ஐரோப்பியர் அழைப்பர். குழந்தை தாயின் சாயலைக் கொண்டிருப்பது போல இந்நூல்கள் கையெழுத்து நூல்களின் சாயலை விடாமல் கொண்டிருக்கின்றன. தொடக்கத்தில் இவற்றுக்குத் தலைப்புப் பக்கம் இல்லை. அச்சிட்டவர் பெயர், ஊர், நாள் ஆகியவை காணப்பட்டால், அவை பெரும்பாலும் நூலின் இறுதியில் காணப்படும். நம் ஏட்டுச் சுவடிகளின் கடைசி ஏட்டில், எழுதியவர் தம் பெயரையும் எழுதி முடித்த நாளையும் குறிக்கும் வழக்கத்தை இது நினைவூட்டுகிறது. இயலின் முதலெழுத்தை அச்சிடாமல் வெற்றிடம் விட்டு, அந்த இடத்தில் மிகச் சிறிய அடையாள எழுத்து ஒன்றை மட்டும் வைப்பர். பின்பு ஓவியர் வந்து செந்நிறத்தாலும் நீலத்தாலும் அதனைக் கையால் எழுதி நிரப்புவார். ஓவியர் வராமற்போன நூல்களில் அந்த வெற்றிடம் இன்றும் வெற்றிடமாகவே உள்ளது.

இதனினும் இன்றியமையாத செய்தி ஒன்றுண்டு. அந்நாளில் அச்சு நூல்கள் பெரும்பாலும் கட்டப்படாத தாள்களாகவே விற்பனைக்கு வந்தன. வாங்கியவரே தம் வசதிக்கும் விருப்பத்திற்கும் ஏற்ப அட்டை கட்டுவித்துக்கொள்வார். கட்டுபவர் அட்டைக்கு உறுதி சேர்க்கப் பழைய கையெழுத்து நூல்களின் தோலேடுகளை வெட்டி உள்ளே வைப்பதும் உண்டு. அச்சு வந்தபின் மதிப்பிழந்த சுவடி, அச்சு நூலின் அட்டைக்குள் புகுந்து பிழைத்திருந்தது என்று சொன்னால் அது மிகையாகாது. படித்தவர் ஓரத்தில் குறிப்பெழுதினார். வைத்திருந்தவர் தம் பெயரை எழுதினார். அவருக்குப்பின் வந்தவர் அப்பெயரை அடித்துத் தம் பெயரை எழுதினார். 1538இல் மன்னர் எட்டாம் ஹென்றி, புனித தாமஸ் பெக்கெட்டின் பெயரை எல்லா வழிபாட்டு நூல்களிலிருந்தும் நீக்குமாறு ஆணையிட்டபோது, அவ்வாணைக்கு அஞ்சியவர் அப்பெயரை அழித்தனர். சிலர் முழுவதும் அழிந்துபோகுமாறு சுரண்டினர். சிலர் படித்தறியக்கூடிய அளவிற்கு ஒரு மெல்லிய கோடு மட்டும் இழுத்தனர். அரச கட்டளைக்கும் தம் உள்ளத்திற்கும் இடையே அந்த மனிதர் நின்ற நிலையை அக்கோடு நமக்குக் காட்டுகிறது அல்லவா?

ஆகவே, ஒரே அச்சில் ஒரே நாளில் வெளிவந்த நூறு படிகளும் பின்னாளில் நூறு தனி நூல்களாகி விடுகின்றன. அவற்றுள் ஒரு படி அழிந்தால் மற்றொன்று அதன் இடத்தை நிரப்பும் என்று சொல்வதற்கில்லை. அச்சிட்ட சொற்கள் வேண்டுமானால் வேறிடத்தில் கிடைக்கும். அந்தப் படியின் வாழ்க்கை வரலாறு வேறெங்கும் கிடைக்காது.

சங்கிலியின் பொருள்

சங்கிலி என்றவுடன் சிறை நினைவிற்கு வருவது இயல்பு. ஹெரிபோர்டு நூலகத்தைப் பற்றி எழுதுவோர் பலர், அறிவைக் கட்டிப்போட்ட காலம் அது என்று இரங்கிவிட்டு மேலே செல்கின்றனர். இது மேலோட்டமான பார்வை. பூட்டிய பெட்டியில் கிடக்கும் நூலுக்குச் சங்கிலி வேண்டியதில்லை. எவரும் எடுக்கலாம் என்று வெளியே வைத்த நூலுக்குத்தான் சங்கிலி வேண்டும். இத்தாலியின் செசேனா நகரில் 1454இல் திறந்த மாலட்டெஸ்டா நூலகமும், நெதர்லாந்தின் சுட்பென் நகரில் 1564இல் கட்டிய நூலகமும், இங்கிலாந்தின் கிரந்தம் நகரில் 1598இல் பிரான்சிஸ் டிரிக் என்னும் குரு ஏற்படுத்திய நூலகமும் இம்முறையையே பின்பற்றின. நூல் திருடு போகக்கூடாது. அதே வேளையில் அது படிக்கப்படவும் வேண்டும். இவ்விரு தேவைகளுக்கும் இடையே அக்காலத்தார் கண்ட சமரசமே சங்கிலி.

எனினும், இதனைப் புகழ்வதிலும் அளவு வேண்டும். ஹெரிபோர்டு நூல்களைப் படித்தவர் யார்? பெரும்பாலான நூல்கள் இலத்தீன் மொழியில் இருந்தன. சமயத் தந்தையர் நூல்கள், விவிலிய உரைகள், சட்ட நூல்கள் ஆகியவையே மிகுதி. குருமாரும் கற்றறிந்த சிலருமே அவற்றை அணுக முடிந்தது. நகரின் நெசவாளிக்கும் தச்சருக்கும் அந்த மேசையில் இடம் இருந்ததாகக் கற்பனை செய்துகொள்வது வரலாற்றிற்குப் பொருந்தாது. பொதுமை என்று நாம் இங்குக் கூறுவது, ஒரு குழுவிற்குள் நிலவிய பொதுமையே. ஆயினும், அக்குழுவிற்குள் எந்தத் தனி மனிதரும் நூலைத் தமதாக்கிக்கொள்ள முடியாது என்ற கட்டுப்பாடு இருந்ததே, அதுதான் அந்நூல்களை நானூறு ஆண்டுகள் காத்தது. ஆயர்கள் மாறினர், உள்நாட்டுப் போர் மூண்டது, 1649இல் மன்னரையே கொன்றனர், 1786இல் பேராலயத்தின் மேற்குக் கோபுரம் இடிந்து விழுந்தது. இத்தனைக்குப் பின்னும் நூல்கள் நின்றன. அவற்றைக் காத்தது இரும்பின் வலிமை மட்டும் அன்று. இவை எனக்கு முன்னும் இருந்தன, எனக்குப் பின்னும் இருக்கும் என்ற எண்ணத்தின் வலிமையுமாகும்.

லிங்கனில் நடந்தது

இனி மற்றொரு பேராலயத்திற்குச் செல்வோம். கிழக்கு இங்கிலாந்தில், குன்றின்மேல் உயர்ந்து நிற்பது லிங்கன் பேராலயம். 1609இல் ஏற்பட்ட தீயில் அதன் பழைய நூலகத்தின் ஒரு பகுதி அழிந்தது. அக்குறையை நீக்கியவர் மைக்கேல் ஹனிவுட் என்னும் குரு. உள்நாட்டுப் போர்க் காலத்தில் இவர் தம் நாட்டை விட்டு நெதர்லாந்துக்குச் சென்று யூட்ரெக்ட் நகரில் தங்கியிருந்தார். பிழைப்பிற்கு உறுதியில்லாத அந்த அயல்வாழ்க்கையிலும் அவர் நூல் சேர்ப்பதை விடவில்லை. 1660இல் மன்னராட்சி மீண்டபோது நாடு திரும்பி, லிங்கன் பேராலயத்தின் தலைமைக் குருவானார். இலண்டன் புனித பவுல் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென் என்பவரைக் கொண்டு 1674இல் திட்டமிட்டு, பேராலயத்தின் வடக்குத் தாழ்வாரத்தின்மேல் ஒரு நூலகத்தைத் தம் சொந்தச் செலவில் எழுப்பினார். 1681இல் அவர் மறைந்தபின் அவர் நூல்கள் பேராலயத்திற்கு உரியவாயின.

இங்கிலாந்தின் முதல் அச்சாளர் வில்லியம் காக்ஸ்டன், 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் அமைத்தவர். கற்றோர் மொழியாகிய இலத்தீனை விட்டு, மக்கள் மொழியாகிய ஆங்கிலத்தில் மிகுதியாக அச்சிட்டவர் என்பதால், ஆங்கிலேயர் அவர் நூல்களைப் பெரிதும் போற்றுவர். அத்தகைய தொடக்ககால ஆங்கில அச்சு நூல்கள் ஹனிவுட்டின் தொகுதியில் இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அரிய நூல்களைத் தேடித் திரிந்த தாமஸ் பிராக்னால் டிப்டின் என்பவர் லிங்கனுக்கு வந்தார். இவரும் ஒரு குருவே. பேராலய அவையினரிடம் பேசி, அவ்வரிய நூல்களில் ஒரு பகுதியை விலைக்கு வாங்கினார். வாங்கிய நூல்களின் பட்டியலுக்கு 'லிங்கன் மலர்க்கொத்து' என்ற பொருள்படும் பெயர் சூட்டி அச்சிடவும் செய்தார். பறித்த மலரைப் பற்றிச் செடியிடம் யார் கேட்கப் போகிறார்கள்?

அவற்றுள் சில, டிப்டினின் புரவலரான ஸ்பென்சர் பிரபுவின் தொகுதியிற் சேர்ந்தன. அத்தொகுதியை 1892இல் என்ரிகேட்டா ரைலண்ட்ஸ் அம்மையார் விலைக்கு வாங்கி, தம் கணவர் நினைவாக மான்செஸ்டர் நகரில் எழுப்பிய நூலகத்தில் வைத்தார். 1900இல் அது வாசகர்க்குத் திறக்கப்பட்டது; 1972 முதல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தோடு இணைந்துள்ளது.

விற்றவர் பக்கத்து நியாயம்

லிங்கன் அவையினரை எளிதாகப் பழித்துவிடலாம். ஆனால் திறனாய்வு என்பது இரு பக்கத்தையும் கேட்டு முடிவு சொல்வது. அவர்கள் நிலையில் நின்று பார்த்தால், பழைய ஆங்கில எழுத்தில் அச்சான கதை நூல்களால் மறையுரைக்கு என்ன பயன் என்று தோன்றியிருக்கக்கூடும். குன்றின்மேல் யாரும் தொடாமல் கிடந்தவை, பெருநகரின் ஆய்வு நூலகத்தை அடைந்தன. நல்ல காப்பும் நிரம்பிய வாசகரும் அவற்றுக்குக் கிடைத்தனர். நூல் அழியவில்லை, இடம் மாறியது, அவ்வளவே. இவ்வாறு வாதிடுவதில் உண்மை இல்லை என்று நம்மால் சொல்ல முடியாது.

ஆனால் இவ்வாதம் ஒன்றை மறந்துவிடுகிறது. ஹனிவுட்டின் அடுக்கில் காக்ஸ்டன் நூல் தனித்து நிற்கவில்லை. அதன் பக்கத்தில் அவர் காலத்துச் சமய வாதங்களும், அயல்நாட்டில் வாங்கிய நூல்களும் நின்றன. நாடிழந்த ஒருவர் எதைப் படித்து மனம் தேறினார், தம் தாய்மொழி நூல்களை எதற்காகத் தேடினார் என்பதற்கு அந்த அடுக்கே சான்று. அதிலிருந்து விலைமிக்கவற்றை மட்டும் உருவி எடுத்தபோது, நூல்கள் பிழைத்தன, சான்று சிதைந்தது. மான்செஸ்டரில் அந்நூல் இன்று காக்ஸ்டனின் வரலாற்றைச் சொல்கிறது. ஹனிவுட்டின் வரலாற்றை முழுமையாகச் சொல்ல அதனால் இயலவில்லை. விலைமதிப்பில்லை என்று விடப்பட்டவை இன்றும் லிங்கனில் ஹனிவுட்டின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. காப்பாற்றியது அவற்றின் சிறப்பு அன்று, சிறப்பின்மையே என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

விற்பனையில் மற்றோர் இடரும் உண்டு. விற்பவர்க்குத் தம் பொருளின் மதிப்புத் தெரிவதில்லை. கார்ன்வால் பகுதியின் குருமார் பயிலுவதற்கென எக்ஸிட்டர் ஆயர் ஹென்றி பில்பாட்ஸ் 1856இல் ட்ரூரோ நகரில் ஒரு நூலகம் ஏற்படுத்தினார். 2006இல் அதன் பொறுப்பாளர்கள் பழைய நூல்களை ஒரு வணிகருக்கு 36,000 பவுனுக்கு விற்றனர். வாங்கியவர் அவற்றை ஏலத்திற்கு அனுப்பியபோது கிடைத்தது ஐந்து இலட்சம் பவுனுக்கும் மேல். பணத்தை இழந்தது ஒருபுறம் இருக்கட்டும். ஏலத்தில் ஒவ்வொரு நூலும் ஒவ்வொருவர் கைக்குப் போனது. நூலகம் என்ற ஒன்று பின்னர் இல்லை.

ஹெரிபோர்டும் இச்சோதனைக்கு உட்படாமல் இல்லை. அப்பேராலயத்தில் 1300ஆம் ஆண்டளவில் ஒற்றைக் கன்றுத் தோலில் வரைந்த உலகப் படம் ஒன்று உள்ளது. கட்டடத்தைப் பேணப் போதிய பணமில்லாத நிலையில், 1988இல் அதன் பொறுப்பாளர்கள் அப்படத்தை விற்க முன்வந்தனர். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. தேசிய மரபு நினைவு நிதியமும், பால் கெட்டி என்னும் செல்வரும், பொதுமக்களும் நிதி தந்து படத்தை அங்கேயே நிறுத்தினர். சங்கிலி நூலகத்திற்கு 1996இல் புதுக் கட்டடம் கிடைத்ததும் இக்கிளர்ச்சியின் பயனே. ஆகவே, காத்தவர் எல்லாம் உத்தமர், விற்றவர் எல்லாம் அறிவிலார் என்று பிரிக்க வேண்டா. ஒரே அவை ஒருநாள் காக்கும். மற்றொரு நாள் விற்க எண்ணும். இரண்டிற்கும் இடையே நிற்பது ஊராரின் குரல். அக்குரல் எழவேண்டுமாயின், தம்மிடம் இன்னது இருக்கிறது என்று ஊரார் முன்பே அறிந்திருத்தல் வேண்டும்.

நம் முதல் அச்சு நூல்கள்

இத்தகைய நூலகம் ஒன்று வாய்க்காமையின் விளைவை நாம் நன்கறிவோம். 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சேறியது 'தம்பிரான் வணக்கம்'. போர்த்துக்கீசிய மொழியிலிருந்து அன்றிக்கு அடிகளார் தமிழாக்கிய 16 பக்கச் சிறுநூல் அது. இந்திய மண்ணில் இந்திய மொழியொன்றின் எழுத்தில் அச்சாகி இன்று நமக்குக் கிடைக்கும் நூல்களுள் பழமையானது. அதன் அறியப்பட்ட ஒரே படி அமெரிக்காவில், ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. 1586இல் வெளிவந்த 'அடியார் வரலாறு' என்னும் பெருநூலைக் காண வத்திக்கானுக்கோ கோபன்ஹேகனுக்கோ செல்ல வேண்டும். 1950களில் தனிநாயக அடிகளார் ஐரோப்பிய நூலகங்களில் தேடி, இந்நூல்களைப் பற்றி உலகறியச் செய்திராவிடில், அவை பற்றிய நம் அறிவு இன்னும் குறைந்தே இருந்திருக்கும்.

இந்நூல்கள் அச்சானவை எளிய மக்களுக்காக, முத்துக்குளித்துறைப் பரதவர் குடும்பங்களுக்காக. அவர்கள் கையில் அவை தேய்ந்தன, கிழிந்தன, மறைந்தன. படிக்கப்பட்டே தேய்ந்த நூலுக்காக வருந்துவது முறையன்று. அது தன் பணியைச் செய்து முடித்தது. ஆனால் ஊருக்கு ஒரு படியேனும், அதை வைத்துக் காக்க ஓர் அடுக்கேனும் இருந்திருந்தால், தமிழின் முதல் அச்செழுத்தைக் காணக் கடல் கடக்கும் தேவை இருந்திராது. காவல் மட்டும் இருந்து கல்வி இல்லாவிடில் நூல் பெட்டிக்குள் கிடக்கும். கல்வி மட்டும் இருந்து காவல் இல்லாவிடில் நூலே எஞ்சாது. இரண்டும் கூடிய இடத்திற்கே நூலகம் என்று பெயர்.

நம் கையில் உள்ளவை

ஹனிவுட்டைப் போல நாமும் ஊர் விட்டு வந்தவர்களே. அவரைத் துரத்தியது போர்; நம்மை அழைத்து வந்தது வேலை. இரும்புப் பெட்டியில் துணிமணிகளுக்கு அடியில் நாலைந்து தமிழ் நூல்களை வைத்துக்கொண்டு இரயிலேறி வந்த தலைமுறை ஒன்று நம்மிடையே இருந்தது. உரைநூல்கள், பஞ்சாங்கம், பள்ளிப் பரிசாக வந்த பாட்டு நூல், வார இதழ்த் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துக் கட்டிய தடித்த தொகுதி என்று அவை பலவகை. விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும்போதெல்லாம் இரண்டு மூன்று கூடின. முதற் பக்கத்தில் பெயரும், வாங்கிய ஊரும், நாளும் இருக்கும்.

அந்தத் தலைமுறை மறைந்து வருகிறது. பேரப்பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். படிக்கத் தெரிந்தவர் குறைவு. வீடு மாறும்போது அடுக்கு காலியாக வேண்டும். பழைய தாள் வாங்குபவரின் தராசு வாசலுக்கே வருகிறது. அல்லது யாரேனும் ஒருவர், இவற்றில் நல்லவை நாலை மட்டும் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிப் போகிறார். முதலாவது அழிவு, இரண்டாவது, லிங்கனில் டிப்டின் செய்தது. அளவில் சிறிது என்பதைத் தவிர வேறுபாடு இல்லை.

நம் சங்கங்களும் இதில் குற்றமற்றவை என்று சொல்லிக்கொள்ள வேண்டா. நன்கொடையாக வரும் நூல்களைத் துறைவாரியாகப் பிரித்து அடுக்கிவிடுகிறோம். கொடுத்தவர் பெயர் ஒரு நாள் கூட்டத்தில் வாசிக்கப்படுவதோடு முடிகிறது. இடம் போதாதபோது இரட்டைப் படிகளையும் கிழிந்தவற்றையும் கழித்துவிடுகிறோம். கிழிந்தது எதனால், ஓரத்தில் எழுதியவர் யார் என்று பார்ப்பதில்லை. கண்ணாடிக் கதவிட்ட அலமாரியில் பூட்டி வைத்து, சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடும் நிலையும் சில இடங்களில் உண்டு. சங்கிலியைக் கண்டு இரங்கும் நாம், ஹெரிபோர்டின் வாசகனுக்கு இருந்த வாய்ப்பைக்கூட நம் வாசகனுக்குத் தரவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

செய்யவேண்டியவை பெரியன அல்ல. ஒரு குடும்பத்திலிருந்து வரும் நூல்களைப் பிரிக்குமுன், அவை இருந்த வரிசையிலேயே ஒரு பட்டியல் எடுத்துவைக்கலாம். கொண்டுவந்தவர் பெயர், அவர் எந்த ஊரிலிருந்து எந்த ஆண்டில் இந்நகருக்கு வந்தார், என்ன வேலை பார்த்தார் என்பவற்றை இரண்டு வரியில் அப்பட்டியலின் தலையில் எழுதலாம். எல்லாவற்றையும் வைக்க இடமில்லையாயின், கழிக்கும் நூலின் கையெழுத்துப் பக்கத்தையாவது படமெடுத்து வைக்கலாம். இன்று இதற்கு ஒரு கைப்பேசி போதும். வாரம் ஒருநாள் அலமாரியைத் திறந்துவைத்து, பக்கத்தில் ஒரு மேசையும் நாலு நாற்காலிகளும் போடலாம். படிக்கத் தெரிந்த முதியவர் ஒருவர் அங்கு அமர்ந்து, படிக்கத் தெரியாத இளையவர்க்கு இரண்டு பக்கம் படித்துக் காட்டலாம்.

ஹெரிபோர்டின் குருமார் 1611இல் அடுக்குகளைச் செய்வித்தபோது, நானூறு ஆண்டுகளுக்குப் பின் உலகம் வந்து பார்க்கும் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். அடுத்து வருபவர் உட்கார்ந்து படிக்க ஒரு பலகையும், நூல் அங்கேயே இருப்பதற்கு ஒரு சங்கிலியும் வேண்டும் என்று மட்டுமே எண்ணினார்கள். அந்த அளவிற்கு நாமும் எண்ணினால் போதும். நமக்கு இரும்புச் சங்கிலி வேண்டியதில்லை. இந்நூல் இன்னாருடையது, இன்ன ஊரிலிருந்து வந்தது, இனி நம் எல்லோருக்கும் உரியது என்று முதற் பக்கத்தில் எழுதும் ஒரு வரியே நம் சங்கிலி. அவ்வரியை எழுதத் தெரிந்தவர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே இப்பணியைத் தொடங்கிவிடுதல் நன்று.